ஓடப் பழகியவனுக்கு நடக்கச் சொல்லிக்கொடுப்பது

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தரோபிரெட் குதிரையை வாங்கினேன். எட்டு வயது, காயடிக்கப்பட்டவன், ஐந்து வருடம் பந்தயத்தில் ஓடியவன். இடது முன்காலின் பின்புறத் தசைநாரில் லேசான காயம் ஏற்பட்டதால் நிறுத்திவிட்டார்கள். இப்போது நொண்டவில்லை. எனக்குச் சவாரியில் பன்னிரண்டு வருடப் பழக்கம் உண்டு. இவனைக் காட்டுப்பாதைகளில் கூட்டிப்போக வேண்டும், ஆறு மாதத்தில் 80 கிலோமீட்டர் நெடுந்தூரப் போட்டி ஒன்றில் இறங்க வேண்டும் என்று ஆசை. ஆனால் நான் ஏறும்போது நிற்க மாட்டேன் என்கிறான். கடிவாளத்தை இழுத்தால் இன்னும் வேகம் எடுக்கிறான். முன்னால் ஒரு குதிரை போனால் அவனைப் பிடிக்கவே முடிவதில்லை. தனியாகக் கூட்டிப்போனால் அடிக்கடி நின்று பின்னால் பார்த்துக் கத்துகிறான். உடம்பும் தேறவில்லை. போன வாரம் ஒரு மணி நேரம் நன்றாக ஓட்டிப் பார்த்தேன், மூச்சுகூட வாங்கவில்லை. அப்படியென்றால் தூரத்துக்குத் தயாராகிவிட்டான் என்றுதானே அர்த்தம்?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். படித்ததும் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். ஒரு மணி நேரம் ஓடியும் மூச்சு வாங்கவில்லை என்றால் அவனுடைய இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கின்றன. கால்களைப் பற்றி அதிலிருந்து எதுவும் தெரியாது.

குதிரையின் உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் பலப்படுவதில்லை. இதயமும் ரத்த ஓட்டமும் சில வாரப் பயிற்சியிலேயே ஏறிவிடும். தசைகளுக்குச் சில மாதங்கள் வேண்டும். தசைநாரும் மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் புதுவிதமான வேலைக்குப் பழக ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். எலும்பு இன்னும் மெதுவாக மாறும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத்தான் வளர்கிறது. மேலிருந்து கீழ்வரை புதுக் குளம்பு வந்து சேர 9 முதல் 12 மாதம். ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையிடம் இந்த இடைவெளி ரொம்பப் பெரியது. இதயம் ஏற்கெனவே பழகியது, எனவே சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும். கால்களுக்கோ கல்லும் மேடும் பள்ளமும் புதிது. அவன் ஓடத் தயாராக இருப்பதால் நீங்களும் ஓட்டுவீர்கள், அடி வாங்குவது கால்.

அதனால் முதலில் நேரடிப் பதில். ஆறு மாதத்தில் 80 கிலோமீட்டர் வேண்டாம். கால் நன்றாக இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தால், பத்துப் பன்னிரண்டு மாதம் கழித்து 30 அல்லது 40 கிலோமீட்டரில் நிதானமாக ஒருமுறை இறங்குங்கள். 80 கிலோமீட்டரை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயது இந்த விளையாட்டில் இளமைதான். பன்னிரண்டு, பதினைந்து வயதிலும் நன்றாகப் போகும் குதிரைகள் நிறைய உண்டு. உங்களுக்கு நேரம் இருக்கிறது.

ஸ்கேன் என்று சொன்னேனே, அதை இந்த வாரமே செய்யுங்கள். நொண்டவில்லை என்பதால் தசைநார் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வலியும் வீக்கமும் சில வாரங்களிலேயே போய்விடும். உள்ளே நார்கள் மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்ள ஒரு வருடம் வரை ஆகலாம். ஆறிய இடமும் பழைய தசைநார் மாதிரி இருக்காது. தழும்புத் திசு அவ்வளவாக நீண்டு சுருங்காது, அதனால் அதே இடமோ அதன் ஓரமோ மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். இரண்டு முன்கால்களையும் அல்ட்ராசவுண்டில் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று ஒப்பிட்டால்தான் மருத்துவருக்கு வித்தியாசம் தெரியும். அதுவரை நடை மட்டும் போதும்.

அப்புறம், தினமும் காலையில் ஒரு நிமிடம் இதைச் செய்யுங்கள். வேலைக்கு முன்னால், காலில் தண்ணீர் படுவதற்கும் முன்னால், குதிரையின் பக்கத்தில் குந்தி உட்காராமல் குனிந்து நில்லுங்கள். முன்காலின் முட்டிக்குக் கீழே பின்பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, கணு மூட்டு வரை மெதுவாக இறக்குங்கள். நல்ல தசைநார் முறுக்கிக் கட்டிய கயிறு மாதிரி இருக்கும். இரண்டு ஓரமும் விரலுக்குத் தனியாகத் தெரியும். ஓரம் மழுங்கியிருந்தால், ஓரிடத்தில் மட்டும் புடைத்திருந்தால், அழுத்தும்போது கால் சட்டென்று இழுத்தால் அன்று சவாரி கிடையாது. பிறகு காலைத் தூக்கி, தசைநார் தளர்ந்திருக்கும்போது இன்னொருமுறை தடவுங்கள். புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒரு மாதம் இப்படிச் செய்தால் அவனுடைய கால் உங்கள் விரலுக்கு மனப்பாடம் ஆகிவிடும். பிறகு ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் நொண்டலுக்கு முந்தைய நாளே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இப்போது அவன் குணத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு குறைகளுமே குறைகள் அல்ல. ஐந்து வருடம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒழுங்காக ஒப்பிக்கிறான், அவ்வளவுதான்.

பந்தய லாயத்தில் ஜாக்கி ஏறும்போது குதிரை பெரும்பாலும் நடந்துகொண்டே இருக்கும். ஒருவர் ஜாக்கியின் காலைப் பிடித்துத் தூக்கிவிடுவார், அவர் ஏறி உட்காருவார், குதிரை நிற்காது. அசையாமல் நில் என்று உங்கள் குதிரையிடம் இதுவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். கடிவாளமும் அப்படித்தான். ஓடும்போது ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பார், குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு நீட்டி ஓடும். பிடி தளர்ந்தால் வேலை முடிந்தது என்று புரிந்துகொள்ளும். நீங்கள் பயந்து இழுக்கும்போது அவன் காதில் விழுவது ‘போ’ என்பதுதான். நீங்கள் கால்களைத் தொங்கவிட்டு உட்காருவதும் அவனுக்குப் புதிது. ஜாக்கியின் அங்கவடி குட்டையாக இருக்கும், கால் விலாவின் கீழ்ப்பகுதியில் படாது. முன்னால் போகும் குதிரையைப் பிடிப்பதுதான் அவனுடைய பிழைப்பாக இருந்தது. தனிமையோ அவனுக்குப் பழக்கமே இல்லை: லாயத்தில் பக்கத்தில் குதிரை, காலைப் பயிற்சியில் குதிரை, பந்தயத்தில் சுற்றிலும் குதிரை.

இதையெல்லாம் அதட்டி மாற்ற முடியாது. புதுப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஏறுவதிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் சவாரியின் மீதி நேரம் எப்படிப் போகும் என்பதை அந்த அரை நிமிடம் முடிவுசெய்கிறது. உறுதியான ஒரு படியை வைத்து, ஏறாமலேயே அவனை அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். மூன்று நொடி நின்றால் கழுத்தைத் தேய்த்துக் கொடுத்து, நீங்களே அவனை நடத்திக் கூட்டிப்போய்விடுங்கள். அவனாக நகர்வதற்கு முன்னால் நீங்கள் நகர்த்த வேண்டும், அதுதான் சூட்சுமம். நின்றால் விடுதலை என்று புரியும். அடுத்து படியில் ஏறி நின்று சேணத்தைத் தட்டுங்கள். அடுத்த நாள் வயிற்றை மட்டும் சேணத்தின்மேல் சாய்த்து இறங்குங்கள். கால் போட்டு ஏறிய பிறகும் உடனே கிளப்பாமல், அங்கவடியைச் சரிசெய்து, ஒரு பெருமூச்சு விட்டு, அவன் காது உங்கள் பக்கம் திரும்பிய பிறகு நடக்கச் சொல்லுங்கள். பத்து நாளில் பெரும்பாலான குதிரைகள் நிற்கக் கற்றுக்கொள்ளும். அப்படியும் நிற்காவிட்டால் முதுகைப் பரிசோதியுங்கள். தரோபிரெட் குதிரைகளில் முதுகெலும்பின் மேல்முட்கள் ஒன்றோடொன்று உரசும் கோளாறு அதிகம். பந்தயத் தசை கரைந்து வேறு தசை வரும்போது முதுகின் வடிவமும் மாறும். நான்கு மாதத்துக்கு முன் பொருந்திய சேணம் இன்று குத்திக்கொண்டிருக்கலாம்.

கடிவாளத்துக்கு ஒரே விதி: தொடர்ந்து இழுக்காதீர்கள். விரல்களை மூடுங்கள், இரண்டு நொடி, திறந்துவிடுங்கள். கூடவே மூச்சை விட்டு, சேணத்தில் கனமாக உட்கார்ந்து, எப்போதும் ஒரே குரலில் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். சாய்ந்து ஓட அவனுக்கு ஒரு பிடி வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் சாய முடியாது. வேகம் எடுத்தால் பெரிய வட்டத்தில் திருப்புங்கள். ஒரு பக்கக் கடிவாளத்தை இழுத்துத் தலையை வளைத்து நிறுத்தும் முறையைச் சமதரையில், நடையில், நூறு தடவை பழக்கி வையுங்கள். ஆனால் ஒரு பக்கம் சரிவாக இருக்கும் குறுகிய பாதையில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வேகத்தில் தலை வளைந்தால் பின்கால் வழுக்கும்.

கூட்டத்துக்கும் தனிமைக்கும் நீங்கள் தேட வேண்டியது வயதான, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஒரு துணைக் குதிரை. முதலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும். பிறகு இவன் பின்னால், பிறகு முன்னால், மறுபடி பின்னால். கடந்து போவதும் கடக்கவிடுவதும் நடையிலேயே சாதாரண விஷயமாக மாறும்வரை செய்யுங்கள். அதன் பிறகுதான் ட்ராட், அதாவது நடைக்கு அடுத்த மிதமான ஓட்டம். தனியாகப் போவதற்கு, முதல் சில தடவை ஏறவே வேண்டாம், கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போங்கள். லாயத்திலிருந்து பத்து நிமிடத் தொலைவில் நல்ல புல் இருக்கும் இடம் வரை போய், அங்கே மேயவிட்டு, அவன் தலை தானாகத் தாழ்ந்து மெல்லும் சத்தம் சீரான பிறகு திரும்புங்கள். நிம்மதி லாயத்தில் மட்டும்தான் என்று இப்போது அவன் நினைக்கிறான். அது வெளியேயும் கிடைக்கும் என்று இந்தப் புல் சொல்லிக்கொடுக்கும். திரும்பும் வழியில் எப்போதும் நடைதான்.

காட்டுப்பாதை என்பது அவனுக்குக் கால் வைக்கும் கலை. சமப்படுத்திய தரையில் தலையைத் தூக்கி ஓடிப் பழகியவன், கீழே பார்க்கத் தெரியாது. வேர் தடுக்கும், கல் உருளும், சரிவில் முன்னங்காலில் பாரம் போட்டு வழுக்குவான். கட்டைகளைச் சீரற்ற இடைவெளியில் தரையில் போட்டு, தளர்ந்த கடிவாளத்தோடு தினமும் பத்து நிமிடம் தாண்டி நடக்கவையுங்கள். நீங்கள் உதவாவிட்டால் அவனே பார்த்து வைக்கக் கற்றுக்கொள்வான். ஏற்றத்தில் நடப்பது பின்பக்கத் தசைக்கு மிக நல்ல மருந்து. இறக்கத்தில் முதல் ஆறு மாதம் நடை மட்டும். ஓடையைப் பார்த்து நின்றால் விரட்டாதீர்கள். துணைக் குதிரை முதலில் இறங்கட்டும், இவன் முகர்ந்து பார்க்கட்டும், அரை மணி ஆனாலும் சரி. அவசரப்படுத்தினால் தண்ணீரைத் தாவித் தாண்டப் பழகிவிடுவான், அதை மாற்றுவது கஷ்டம். இன்னொன்று, பந்தயத் தளத்தில் வளைவெல்லாம் ஒரே பக்கமாகத்தான் வரும். அதனால் உடம்பின் ஒரு பக்கம் இறுகியிருக்கும். ட்ராட்டில் எழுந்து அமரும்போது, எந்தப் பக்க முன்காலோடு எழுகிறீர்களோ அந்தப் பக்கத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவனுக்குப் பிடிக்காத பக்கம் எது என்று உங்களுக்கே தெரியும்.

குளம்பை லாடம் அடிப்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பந்தயக் குதிரைக்கு மெல்லிய அலுமினிய லாடம், நீண்ட முன்நுனி, தாழ்ந்த குதி, மெல்லிய அடித்தளம். கல்பாதைக்கு இந்தக் குளம்பு தாங்காது. நீண்ட முன்நுனி தசைநாருக்கும் கூடுதல் சுமை. ஒரே தடவையில் வெட்டிச் சரிசெய்ய முயலாமல், நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவர வேண்டும். லாடத்தைக் கழற்றி வெறுங்குளம்பில் பழக்கும் ஆசை இருந்தால் அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பு தேறவில்லை என்றதும் தானியத்தைக் கூட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் வயிற்றுப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது உண்டு. குதிரையின் வயிறு நாள் முழுக்க அமிலம் சுரக்கும், ஆனால் அதைத் தணிக்கும் உமிழ்நீர் மெல்லும்போது மட்டும்தான் வரும். இரண்டு வேளை தானியம், நடுவில் மணிக்கணக்கில் வெறும் வயிறு என்று இருந்தால் புண் வராமல் என்ன செய்யும்? வயிற்றுவாரை இறுக்கும்போது காதை மடக்குவது, தானியத்தைப் பாதியில் விடுவது, ரோமம் மங்குவது எல்லாம் அடையாளங்கள். உறுதியாகத் தெரிய உள்நோக்கிக் கருவியில்தான் பார்க்க வேண்டும். புண் இருந்தால் ஒமெப்ரசோல் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். தானியத்தை இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு உலர்புல் கொடுங்கள்: 500 கிலோ குதிரைக்கு நாளுக்குச் சுமார் 10 கிலோ. எடை கூட்ட, தானியத்தைவிட எண்ணெய் நல்லது. குதிரைக்கு வெறியும் ஏறாது. சவாரிக்கு முன் இரண்டு கை புல் தின்னக் கொடுங்கள். வயிற்றில் புல் இருந்தால் ஓடும்போது அமிலம் மேலே தெறிக்காது. பல்லையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு நான் சொல்லும் வேகம் உங்களுக்கு அலுப்பாகத் தோன்றும். ஸ்கேன் நன்றாக இருந்தால் முதல் ஆறு வாரம் நடை மட்டும், 20 நிமிடத்தில் தொடங்கி ஒன்றரை மணி நேரம் வரை. அதன் பிறகு நடைக்கு நடுவில் ஒன்றிரண்டு நிமிட ட்ராட், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் நீட்டலாம். ட்ராட்டைவிட வேகமான ஓட்டமான கேன்டர் ஆறாவது மாதத்துக்கு முன்னால் வேண்டாம். வாரத்தில் நான்கு நாள் வேலை போதும், அதில் ஒரு நாள் மட்டும் நீளமான சவாரி. தூரம், வேகம், மேடு இந்த மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டுமே கூட்டுங்கள்.

இனி மூச்சைப் பார்க்காதீர்கள், நாடியைப் பாருங்கள். ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கி, அவனுடைய இடது முன்காலின் முழங்கைக்குப் பின்னால் வைத்து எண்ணப் பழகுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். காலையில் லாயத்தில் எண்ணிக் குறித்துவையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால் எங்கோ வலியோ நோயோ இருக்கலாம். சவாரி முடிந்து பத்து நிமிடத்தில் 60-க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அன்றைய வேலை அதிகம். சர்வதேசப் போட்டிகளில் மருத்துவ நிறுத்தத்துக்கு வந்த குதிரையின் நாடி 15 நிமிடத்துக்குள் 64 அல்லது அதற்குக் கீழே வந்தாக வேண்டும், இல்லையேல் வெளியேற்றம். அதோடு, போட்டியில் மருத்துவர்களான நாங்கள் நாடியை எண்ணி, 40 மீட்டர் ட்ராட்டில் போய்த் திரும்பவைத்து, கிளம்பிய நேரத்திலிருந்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுவோம். இரண்டாவது எண் முதலாவதைவிட நான்கு அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் குதிரை களைப்பை மறைக்கிறது என்று சந்தேகப்படுவோம். இதை வீட்டிலேயே செய்து பாருங்கள்.

மறைக்கிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போட்டி ஒன்றில் நாடி பார்க்க நின்றிருந்தபோது, முன்பு பந்தயத்தில் ஓடிய உயரமான செம்பழுப்புக் குதிரை ஒன்று வந்தது. காது நிமிர்ந்திருந்தது, மண்ணைக் காலால் பறித்துக்கொண்டிருந்தது, அடுத்த குதிரை கிளம்பியதும் கயிற்றை இழுத்தது. “பாருங்கள் டாக்டர், இன்னும் ஓட வேண்டுமாம்” என்றார் உரிமையாளர், அவ்வளவு பெருமையோடு. நாடி 76. ஈறு காய்ந்திருந்தது. விலாவில் காதை வைத்தேன், குடல் சத்தமே இல்லை. கால் மணி நேரம் கழித்தும் நாடி 68. அங்கேயே நிறுத்தி, நரம்பில் திரவம் ஏற்றினோம். மாலையில்தான் சாணி போட்டது, அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. அந்தக் குதிரை பொய் சொல்லவில்லை. சோர்ந்தாலும் ஓடு என்று பழக்கப்பட்டது, ஓடத் தயாராக நின்றது. உங்கள் குதிரையும் அந்த வகைதான். நிறுத்த வேண்டிய பொறுப்பு முழுக்க உங்களுடையது.

வெயில் நாட்களில் இன்னும் கவனம். இந்தப் போட்டிகளில் சிறக்கும் அரபுக் குதிரை சிறிய, மெலிந்த உடம்புக்காரன். தரோபிரெட் பெரிய தசைக்காரன், சூடு எளிதில் வெளியேறாது. சவாரி முடிந்ததும் உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். சூடான தசையில் குளிர்நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் இல்லை; 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகளில் இது தெளிவானது. குதிரையின் வியர்வை ரத்தத்தைவிட உப்பானது. நீரும் உப்பும் சேர்ந்தே போவதால் ரத்தம் அவ்வளவாகச் செறிவடையாது, உடம்பு வற்றியிருந்தும் தாகம் எழாமல் போகும். அதனால்தான் உப்புக் கலவை கொடுக்கிறோம். ஆனால் தண்ணீர் குடிக்காத குதிரைக்கு உப்பு மட்டும் கொடுத்தால் கெடுதல். வழியில் கண்ட இடத்தில் குடிக்க இப்போதிருந்தே பழக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை கடைசியாக. சவாரியின் நடுவில் நடை திடீரென்று கட்டையாகி, வியர்த்துக் கொட்டி, பின்தொடைத் தசை பலகை மாதிரி இறுகினால் அது தசைச் சிதைவு. பதற்றமான தரோபிரெட் குதிரைகளுக்கு வரக்கூடியது. சிறுநீர் காப்பி நிறத்தில் போகலாம். நடத்தி வீட்டுக்குக் கொண்டுவர முயலாதீர்கள். அங்கேயே இறங்கி, சேணத்தைத் தளர்த்தி, மருத்துவரை அழையுங்கள்.

ஸ்கேன் படம் வந்ததும் இரண்டு கால்களின் அறிக்கையையும் அனுப்புங்கள். காலையில் எண்ணிய நாடியை இரண்டு வாரத்துக்குக் குறித்து அதோடு சேர்த்து அனுப்பினால், எந்த வாரம் ட்ராட் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.